அம்பலவாவு: திமில் மாடுகளின் மேட்டு ஊர்

திங்கள், ஏழாம் எண் சாலையில்

விடிகாலையில் அந்த்சிராபேயை விட்டுக் கிளம்பும்போது அக்கா இரண்டு சால்வைகளைப் போர்த்தியிருந்தாள். மடகாஸ்கரின் நடுப்பகுதி முழுக்க மேட்டு நிலம். அந்த்சிராபே 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஜூலையும் ஆகஸ்டும் இங்கே குளிர்காலம். வரப்புகளில் புல் நுனியெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

தலைநகர் அண்டனனரிவோவில் தொடங்கி தென்மேற்குக் கடற்கரையில் தூலியாராவில் முடியும் சாலை இது. நீளம் 900 கிலோமீட்டருக்கு மேல். நாட்டின் முதுகெலும்பே இதுதான் என்றாலும் பள்ளங்கள் ஏராளம். கூரையில் மூட்டை, சைக்கிள், கூண்டோடு கோழி என்று ஏற்றிக்கொண்டு வேன்கள் ஆடி ஆடிப் போகின்றன. டாக்சி-ப்ரூஸ் என்கிறார்கள். நாங்கள் ஓட்டுநரோடு ஒரு கார் பேசியிருந்தோம். அவர் அறுபதை நெருங்கும் மனிதர், ஃபந்தரியானா பக்கத்துக்காரர், பெத்சிலேவு இனத்தவர். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில்தான் பேச்சு.

இரண்டு பக்கமும் படிப்படியாக வயல்கள். மலையின் காலடியில் ஆரம்பித்து, நீர் எட்டும் இடம் வரை செதுக்கி ஏற்றியிருக்கிறார்கள். இந்த வேலையில் பெத்சிலேவு மக்களை மிஞ்ச ஆளில்லை என்று தீவு முழுக்கப் பெயர். அறுவடை முடிந்துவிட்டதால் வயல் மண்ணையே வெட்டிச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அடுக்கிய சூளைகளில் உமிப் புகை. இந்தச் செங்கல்லில்தான் மேட்டு நிலத்து வீடுகள் எழுகின்றன: ஒடுங்கலாக, இரண்டு மாடி உயரத்தில், செம்மண் நிறத்தில். கதவும் சன்னலும் பெரும்பாலும் மேற்குப் பார்த்தவை. வீட்டின் வடகிழக்கு மூலை முன்னோருக்கு உரியது. ஓட்டுநர் இதைச் சொன்னதும், ‘நம்ம ஊர் ஈசானி மூலை’ என்றாள் அக்கா.

மதியம் அம்புசித்ராவில் சாப்பாடு. மரச் செதுக்கு வேலைக்குப் பேர்போன ஊர். கிழக்கே காட்டோரக் கிராமங்களில் வாழும் சஃபிமனிரி மக்களின் மரவேலை அறிவை 2008-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆணியே இல்லாமல் பலகைகளைப் பொருத்தி வீடு கட்டுகிறவர்கள். கடைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனோம். சோறு மலையாகக் குவிந்து வந்தது. கறி ஓரத்தில் கொஞ்சம், கீரைக் குழம்பு ஒரு கிண்ணம். சோறு வடித்த பானையின் அடியில் ஒட்டிய தீய்ந்த பருக்கையோடு தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாகக் குடிக்கத் தருகிறார்கள். ரனுவுலா என்று பெயர். லேசான கருகல் மணம். மூன்று வேளையும் சோறு உண்ணும் மக்கள், பானையில் ஒட்டியதைக்கூட வீணாக்குவதில்லை.

சாப்பிடும்போது ஓட்டுநர் சொன்ன விஷயம்தான் இன்றைக்கு முக்கியம். அவர் ஊரில் நாற்று நடுவதற்கு முன் வயலில் தண்ணீர் கட்டி, மாடுகளை இறக்கி, சுற்றிச் சுற்றி ஓட்டுவார்களாம். குளம்புகளே சேறடிக்கின்றன. ஊர்ப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடுகிறார்கள். மாடு மிரண்டு பாயும்போது ஒருவன் தாவி அதன் திமிலைக் கட்டிக்கொள்கிறான். மாடு துள்ளும், சுழலும், உதறும். அவன் விடக்கூடாது. வயலில் நடந்த இந்த விளையாட்டு இப்போது தனியாக அடைப்புக் கட்டி, ஈஸ்டர், பெந்தெகொஸ்தே திங்கள்களில் பெருவிழாவாக நடக்கிறது. சவிகா என்கிறார்கள். கையில் ஆயுதம் கிடையாது, வெறும் கைதான்.

கைப்பேசியில் ஜல்லிக்கட்டுப் படம் ஒன்றைக் காட்டினேன். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். திமிலில் பையன் கை விழுந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, ‘சரியாகப் பிடித்திருக்கிறான்’ என்றார்.

திமில் மாட்டை முதலில் பழக்கியவர்கள் சிந்துவெளிப் பக்கத்து மக்கள். அங்கிருந்து ஆப்பிரிக்கா போய், ஆப்பிரிக்காவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தது அந்த இனம். நெல்லோ எதிர்த்திசையில், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கடல் தாண்டியவர்களோடு வந்தது. இவர்கள் பேசும் மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவு போர்னியோவின் தென்கிழக்கில் வழங்கும் மாஞான் மொழிதான். இரண்டு கரையிலிருந்தும் வந்தவை இந்த மேட்டில் ஒரே வயலில் சேர்ந்திருக்கின்றன. நாங்கள் போகும் ஊரில் புதன், வியாழன் இரு நாளும் மாட்டுச் சந்தை. அதற்காகத்தான் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

செவ்வாய், அம்பலவாவு

ஃபியனாரந்த்சுவாவில் காலையை மேல்நகரத்தில் கழித்தோம். முதலாம் ரனவலோனா ராணி 1830-இல் தெற்கை ஆளுவதற்கு என்று நிறுவிய நகரம். மேல்நகரத்தில் கல் பாவிய சந்துகள், ஓட்டு வீடுகள், தேவாலயங்கள். அழகுதான். ஆனாலும் மனம் தெற்கே இருந்தது. மதியமே கிளம்பிவிட்டோம்.

அங்கிருந்து 56 கிலோமீட்டர். திராட்சைத் தோட்டங்கள் தென்படத் தொடங்கும். மடகாஸ்கரில் ஒயின் தயாராகும் வட்டாரம் இது. கடைசியில் ஒரு வளைவில் சாலை இறங்க, கீழே அகலமான பள்ளத்தாக்கும் அதில் ஓட்டுக் கூரைகளும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. பின்னால் வழுக்கைப் பாறை மலைகள் வரிசையாக. உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர்தான் என்பதால் வெயிலில் சூடு இருக்கிறது. அக்கா சால்வைகளை மடித்து வைத்தாள்.

பிரதான தெரு வீடுகளின் மாடியில் மர உப்பரிகைகள். கைப்பிடிக் கட்டையில் வைர வடிவமும் சூரிய வட்டமும் செதுக்கியிருக்கிறார்கள். சாயம் போயிருக்கிறது, சில பலகைகள் தொங்குகின்றன. சிலவற்றைப் புதிதாக நீலம் அடித்து வைத்திருக்கிறார்கள். கீழே கடை, மேலே குடும்பம். தெருவில் கார்களைவிட மாட்டு வண்டிகள் அதிகம். பலகையில் சிறு சக்கரங்கள் மாட்டிய தள்ளுவண்டியில் விறகு ஏற்றிச் சரிவில் கடகடவென்று பையன்கள் இறங்குகிறார்கள்.

தினச்சந்தையில் அரிசிக்காரப் பெண்மணி முன்னால் வெகுநேரம் நின்றோம். பத்துப் பன்னிரண்டு கூடைகளில் அரிசி, ஒவ்வொன்றும் கூம்பாகக் குவித்தது. சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு வரி ஓடியது. அளப்பது பழைய பால் டின்னால். டப்பாப் பாலின் அந்தத் தகர டின்தான் நாடு முழுக்க அரிசிக்கு அளவை. கபுவாக்கா என்கிறார்கள். மூன்றரை கபுவாக்கா ஒரு கிலோ. நாலு பேர் உள்ள வீட்டுக்கு இன்றைக்கு எத்தனை கபுவாக்கா என்பதுதான் இங்கே குடும்பக் கணக்கு. வாங்க வந்த ஒரு பாட்டி இரண்டே டின் வாங்கினார். அந்தப் பெண்மணி அளந்து முடித்ததும், கையால் இன்னொரு பிடி அள்ளிப் பையில் போட்டார். கொசுறு.

விலை சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. 2005-இல் பழைய பிராங்கை விட்டு அரியாரிக்கு மாறினார்கள். ஐந்து பிராங்க் ஒரு அரியாரி. ஆனால் வயதானவர்கள் இன்னும் பிராங்கில் விலை சொல்கிறார்கள். ஐந்து மடங்காகக் காதில் விழும். மிரள வேண்டாம், ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

புதன், பட்டையும் பட்டும்

காலைப் பலகாரம் தெருவோரத்தில். கரி அடுப்பின் மேல் குழிக்கல், அதில் அரிசி மாவு ஊற்றி, கம்பியால் திருப்பிப் போடுகிறார் ஒரு அம்மா. மோஃபோ காசி. நம் வெல்லப் பணியாரம் போலவேதான், இனிப்பு மட்டும் குறைவு. காப்பியோடு ஆறு ஏழு உள்ளே போய்விட்டது.

அப்புறம் காகிதப் பட்டறை. தென்கிழக்குக் கடற்கரையில் வாழும் அந்தைமூரு மக்கள் பல நூற்றாண்டுகளாக மலகாசி மொழியை அரபு எழுத்தில் எழுதி வந்தவர்கள். சுராபே என்ற அந்தச் சுவடிகளுக்கான காகிதத்தை மரப்பட்டையிலிருந்து அவர்களே செய்துகொண்டார்கள். அந்த வித்தையை 1930-களில் பியேர் மத்தியூ என்ற பிரெஞ்சுக்காரர் இந்த ஊரில் எடுத்து நடத்த, அது இங்கே நிலைத்துவிட்டது.

அவுஹா என்ற மரத்தின் பட்டையை மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். அலசிப் பிழிந்து, கல்லின் மேல் வைத்து இரண்டு மரச் சுத்திகளால் மாறி மாறி அடிக்கிறார்கள். நார் கூழாகிறது. கூழை உருண்டையாக்கி எடை போடுகிறார்கள். ஒரு உருண்டை ஒரு தாளுக்கு. மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, அந்த உருண்டையை அதில் கரைத்து விரல்களால் பரப்பினார் ஒரு பெண். அவர் விரல்கள் நீரைத் தட்டித் தட்டிப் போக, நார்கள் தாமாகப் பிரிந்து ஒரு மெல்லிய ஆடையாகப் படர்ந்தன. சட்டத்தைத் தூக்கியதும் நீர் வடிகிறது, ஆடை துணியில் தங்கிவிடுகிறது. ஈரம் காயும் முன் பச்சைப் பூவும் இலையும் அடுக்கி, மேலே இன்னும் கொஞ்சம் நீர்த்த கூழ் பூசி, வெயிலில் சாய்த்து வைக்கிறார்கள். பூ அடுக்கும் இடத்தில் இருபது பெண்கள் இருக்கலாம். யாரும் மாதிரி வைத்துச் செய்யவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு அடுக்கு முறை.

பட்டு நெய்யும் இடத்தில் அக்காதான் எனக்கு வழிகாட்டி. அவள் காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். நூலைக் கையில் வாங்கி, நகத்தில் ஓட்டிப் பார்த்து, ‘இது இழுத்த நூல் இல்லடி, நூத்த நூல்’ என்றாள். அது சரிதான். மேட்டு நிலத்தில் தாபியா என்ற மரக்காடுகள் உண்டு. அந்த இலையைத் தின்று வளரும் காட்டுப் பட்டுப் புழுவின் கூடு இது. ஒரே இழையாக இழுக்க வராது. கூட்டை வெந்நீரில் வேகவைத்துப் பசை போக்கி, பஞ்சு போல் பிய்த்து, கையால் நூற்கிறார்கள். இழை கனமாக, மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கிறது. பளபளப்பு இல்லை. உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை வறுத்துத் தின்கிறார்கள். தாபியா பட்டை தடித்தது, சின்னத் தீயைத் தாங்கும். ஆனாலும் அந்தக் காடுகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. காடு போனால் புழு போகும், புழு போனால் இந்தப் பெண்களின் தறியும் போகும்.

இந்தத் துணியில் பெரும்பங்கு இறந்தவர்களுக்கு. லம்பாமேனா என்ற பட்டுப் போர்வையில் சுற்றித்தான் அடக்கம் செய்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து, இதே ஜூலை முதல் செப்டம்பர் வரையான குளிர்காலத்தில், கல்லறையைத் திறந்து எலும்புகளை வெளியே எடுத்து, புதுப் பட்டில் சுற்றி, தோளில் ஏந்தி ஆடிப் பாடி, மறுபடி உள்ளே வைக்கிறார்கள். ஃபமதிஹானா. வரும் வழியில் வாத்தியங்களோடு கூட்டம் ஏற்றிப்போன ஒரு லாரியை ஓட்டுநர் எங்களுக்குக் காட்டியிருந்தார். அது துக்க ஊர்வலம் இல்லை, விருந்து. பெரிய செலவு வேறு. அதற்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்கும் குடும்பங்கள் உண்டு, மாடு விற்பவர்களும் உண்டு.

அக்கா இருபத்தைந்து வருடமாகக் கல்யாணப் பட்டு மட்டுமே பார்த்தவள். தறியில் இருந்த போர்வையைத் தொடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். ‘இதுக்கு சரிகை வேண்டியதில்ல, இந்த கனமே போதும்’ என்றாள். நெய்துகொண்டிருந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு மலகாசி தெரியாது. அறுந்த இழையை எப்படி முடிச்சுப் போடுகிறார்கள் என்று இருவரும் கைகளாலேயே அரைமணி நேரம் பேசிக்கொண்டார்கள்.

மாலையில் தெற்குச் சாலையில் புழுதி எழுந்தது. மாடுகள் வரத் தொடங்கிவிட்டன.

வியாழன், சந்தை

ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் வேலியடைத்த பெரிய திடல். நாட்டின் பெரிய மாட்டுச் சந்தைகளில் ஒன்று. காலை ஏழு மணிக்கே கொம்புக் காடு. பல கொம்புகள் யாழ் வளைவில் உயர்ந்து நிற்கின்றன. செவலை, கறுப்பு, புள்ளி, மயிலை. எல்லாவற்றுக்கும் திமில். மழையற்ற மாதம் என்பதால் சிலவற்றின் திமில் ஒரு பக்கம் சாய்ந்து தொய்ந்திருந்தது. கொழுப்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். வாங்க வருகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன் திமிலைத்தான் அழுத்திப் பார்க்கிறார்கள்.

ஓட்டி வந்தவர்களில் பலர் பாரா இனத்து இளைஞர்கள். தெற்கே இஹோசிப் பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து நாட்கணக்கில் நடந்தே வந்திருக்கிறார்கள். தோளில் கம்பளி, தலையில் வைக்கோல் தொப்பி, கையில் கோல், காலில் ரப்பர் செருப்பு. இரவு மாடுகளுக்கு நடுவிலேயே படுத்திருக்கிறார்கள். விற்ற மாடுகளில் பல லாரி ஏறி அண்டனனரிவோ போகும். முன்பு அந்த 450 கிலோமீட்டருக்கு மேலான தூரத்தையும் நடத்தியே கொண்டுபோவார்களாம்.

ஒரு வியாபாரத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்தேன். விற்பவர் முதியவர், வாங்குபவர் ஃபியனாரந்த்சுவா வியாபாரி. முதலில் காது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் காதில் வெட்டும் அடையாளம் உண்டு. வியாபாரி இரண்டு விரலால் காதை விரித்து, வெட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஆறிய வெட்டா, புது வெட்டா என்பதுதான் கேள்வி. புது வெட்டு என்றால் பழைய அடையாளத்தை மறைக்கப் போட்டதாக இருக்கலாம். அப்புறம் முதியவர் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே மாட்டின் அட்டை. நிறம், வயது, காது அடையாளம், ஊர், முத்திரை. இங்கே ஒவ்வொரு மாட்டுக்கும் தனி அட்டை இருக்க வேண்டும். அட்டையைத் தொடைமேல் விரித்து, மாட்டையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகுதான் விலை பேச்சு, அதுவும் பிராங்கில். இழுபறி முடிந்ததும் கத்தையாக நோட்டுகள் கைமாறின. முதியவர் அவற்றை எண்ணிய நிதானத்தில் ஒரு அவசரமும் இல்லை. மூன்று பேர் சுற்றி நின்று அவருக்கு மறைப்புக் கொடுத்தார்கள்.

அட்டைக்கும் மறைப்புக்கும் காரணம் தஹாலு. மாட்டுத் திருடர்களுக்கு இங்கே வழங்கும் பெயர். பாரா மக்களிடம் ஒரு காலத்தில், பெண் கேட்கும் இளைஞன் மாடு கவர்ந்து வந்து தன் வீரத்தைக் காட்ட வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. நம் புறப்பாட்டில் வெட்சியும் கரந்தையும் படித்தவர்களுக்கு இது புரியும். ஆனால் இன்றைக்கு நடப்பது அது இல்லை. துப்பாக்கியோடு கும்பலாக வருகிறார்கள், கிராமத்தைக் கொளுத்துகிறார்கள், ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் மலையைத் தாண்டிவிடுகிறது. இந்த மக்களுக்கு வங்கி என்பது தொழுவம்தான். உழவு, சேறடிப்பு, வண்டி, கல்யாணம், சாவு, எல்லாம் அதிலிருந்துதான். கல்லறை மேல் கொம்புகளை வைத்துச் சாத்துவது வரைக்கும் மாடு கூடவே வருகிறது. அதைப் பறிகொடுத்தவனுக்கு மறு நடவே கிடையாது.

சந்தையின் விளிம்பில் ஒரு இளைஞனோடு பேசினேன். ஓட்டுநர் மொழிபெயர்த்தார். இரவில் நடக்கும்போது பயமில்லையா என்று கேட்டேன். இரவில் நடப்பதில்லை, வழியில் தெரிந்த கிராமத்தில் பட்டியடைத்துக் காவல் இருப்போம், ஆளுக்கு ஒரு சாமம் என்றான். இருபது வயதுகூட இருக்காது. பத்திரிகைகளில் தஹாலுகளைப் பற்றிப் படிக்கிறோம். அவர்களுக்கு நடுவில் மாட்டை நடத்திக் கொண்டுவந்து விற்று, அரிசியும் உப்பும் வாங்கித் திரும்பும் இந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கு இந்தச் சந்தையில் பெரிய மனிதர்கள் இவர்கள்தான்.

வெள்ளி, அஞ்சா

ஊருக்குத் தெற்கே பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டரில் அஞ்சா. மூன்று பெரும் பாறைக் குன்றுகளின் காலடியில், சரிந்த உருண்டைப் பாறைகளுக்கு இடையே 30 ஹெக்டேர் அளவில் ஒரு காடு. சுற்றிலும் வெட்டவெளி. காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தார் சங்கமாகச் சேர்ந்து தாங்களே காக்கிறார்கள். அந்தச் சங்கத்துக்கு 2012-இல் ஐக்கிய நாடுகள் சபையின் எக்குவேட்டர் பரிசு கிடைத்தது.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. எங்களுக்கு வாய்த்தவர் பக்கத்துக் கிராமத்துப் பெண். காலை வெயில் பாறையில் விழுந்ததும், குரங்குக்குத் தூரத்து உறவான வளைய வால் லெமூர்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்து, கைகளை முழங்காலில் விரித்து, வெள்ளை வயிற்றைச் சூரியனுக்குக் காட்டின. இரவுக் குளிரை அப்படித்தான் போக்கிக்கொள்கின்றன. கூட்டத்துக்குத் தலைமை பெண் லெமூர்தான். நல்ல பழம் இருந்தால் ஆண்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன. நாங்கள் பார்த்த பெண் லெமூர்கள் பல சினையாக இருந்தன. அடுத்த மாதம் குட்டி ஈனத் தொடங்கும். நம் பக்கத்து மலைவேம்பின் உறவு மரம் ஒன்று அங்கே வளர்ந்திருக்கிறது, அதன் பழத்தையும் தின்கின்றன. உலகத்தில் வேறெங்கும் காட்டில் வாழாத விலங்கு இது. இந்தத் தீவிலும் அழியும் நிலையில்தான் இருக்கிறது. அஞ்சாவில் தப்பியதற்கு, லெமூர் இறைச்சி இங்குள்ளவர்களுக்கு விலக்கு என்பதும் ஒரு காரணம்.

பாறை முகப்பில் உயரத்தில் கல் அடுக்கி மூடிய இடங்களைக் காட்டினார். பெத்சிலேவு முன்னோரின் கல்லறைகள். அவற்றை விரல் நீட்டிக் காட்டக்கூடாது. மடக்கிய விரலால்தான் காட்டினார். நாங்களும் அப்படியே செய்தோம்.

காடு மெலிந்தபோது ஊற்றுகளும் வற்றின என்றார். காட்டைத் திரும்பக் காத்ததும் தண்ணீர் வந்தது, தண்ணீரால் வயல் பிழைத்தது. நுழைவுக் கட்டணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் நாற்றங்காலுக்கும் பங்கு போகிறது. மாடுகளைக் காட்டுக்குள் மேயவிடக்கூடாது என்ற முடிவுதான் ஊருக்குள் கஷ்டமானது என்று அவரே சொன்னார். அவர் வீட்டிலும் இரண்டு மாடுகள் உண்டு. புல் அறுத்துக் கொண்டுவந்து கட்டிப்போட்டு வளர்க்கிறார்.

வர நினைப்பவர்களுக்கு: புதன் மதியத்துக்குள் அம்பலவாவு வந்துவிடுங்கள். சந்தையில் படம் எடுக்கும் முன் கேளுங்கள், முக்கியமாகப் பணம் எண்ணும்போது எடுக்கவே வேண்டாம். அஞ்சாவுக்குக் காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் லெமூர்கள் மரத்துக்குள் போய்விடும். காகிதமும் பட்டும் வாங்குவதாக இருந்தால் செய்கிற இடத்திலேயே வாங்குங்கள். அக்கா ஒரு காட்டுப் பட்டுச் சால்வை வாங்கினாள், பேரம் பேசாமல்.